காலையில் ஏன் குமட்டுகிறது?

இரவு சப்பாத்தி, விடிந்ததும் குமட்டல். ஏன்? சீலியாக் நோய் ஒரு காரணமாக இருக்கலாம். இந்த நோயாளிகளுக்குக் கோதுமை, பார்லியில் உள்ள குளூட்டன் புரதம் ஆகாது. அது உள்ளே போனால் நோய் எதிர்ப்பாற்றல் சொந்தச் சிறுகுடலையே தாக்கும். உணவை உறிஞ்சும் குடலுறிஞ்சிகள் தேயும். சிலருக்கு இரைப்பை மெதுவாகக் காலியாவதால் காலையிலும் வயிற்றைப் புரட்டும். இந்நோய்க்குக் கோதுமையே காரணம் என்று நெதர்லாந்து மருத்துவர் வில்லெம் டிக்கே 1950இல் தன் ஆய்வேட்டில் காட்டினார்.

எப்படிச் சமாளிப்பது? குளூட்டனை அறவே விலக்குவதே மருந்து. பெருமுக்கல் கிராமத்துப் பக்கத்து வீடுகளுக்குக் குளூட்டன் இல்லாத உணவு புதிதல்ல: அரிசிக் கஞ்சி, கேழ்வரகுக் கூழ், கம்பஞ்சோறு. எழுந்ததும் ஒரு பிடி அரிசிப்பொரி, கொஞ்சம் இஞ்சித் தண்ணீர். ரவை, சேமியா, மால்ட் பானம், கோதுமை மாவு கலந்த கூட்டுப் பெருங்காயம் வேண்டாம்.

ஒன்று: ரத்தப் பரிசோதனைக்கு முன்பே கோதுமையை நிறுத்தினால் நோய் பிடிபடாமல் போகலாம். முதலில் மருத்துவரைப் பாருங்கள்.