நாற்றை அழிக்கும் ஆப்பிரிக்க நத்தை

மழை பெய்த மறுநாட் காலையில், நட்ட நாற்றுக்கள் கடிபட்டுக் கிடக்க, பாத்தியின்மேல் வெள்ளிக் கோடு போன்ற பசைத்தடம் காணப்படுமாயின், அது புழுவின் வேலையன்று, நத்தையின் வேலையாகும். புழுவுக்குரிய மருந்தைத் தெளிப்பது வீண் செலவே.

நத்தை பூச்சியினத்தைச் சேர்ந்ததன்று. சிப்பி, சங்கு, கணவாய் ஆகியவற்றுக்கு உறவான மெல்லுடலிப் பிராணி. இவ்வினத்துக்கு முதுகெலும்பு கிடையாது. நத்தையின் உடலைப் போர்த்தியுள்ள சதைப் போர்வையிலிருந்து கசியும் சுண்ணாம்புச் சத்தே ஓடாகிறது. வயிற்றடியிலுள்ள தட்டையான தசையே அதன் பாதம். நாவில் அரம்போல் ஆயிரக்கணக்கான நுண்பற்கள் உண்டு. மேனி ஈரமாயிருந்தாலன்றி அது உயிர் வாழாது. ஆதலால் பகலில் நிழலில் ஒளிந்து, இரவில் மேய்கிறது. கோடையில் ஓட்டின் வாயை உலர்ந்த பசைப்படலத்தால் அடைத்துப் பல மாதம் உறங்கும்.

கீழ் ஆப்பிரிக்காவைச் சேர்ந்த இந்நத்தையை 1847-ல் பென்சன் என்பவர் மொரீஷியஸ் தீவிலிருந்து கொணர்ந்து கல்கத்தாவில் ஒரு தோட்டத்தில் விட்டார். அது பின்னர் நாட்டின் பல பாகங்களிலும் பரவிற்று. நமது வயல் நத்தை உருண்டை வடிவினது. ஓட்டின் வாய்க்குக் கெட்டியான மூடி உண்டு. ஆப்பிரிக்க நத்தையோ கூம்பு வடிவினது, பழுப்பு வரிகளுடையது, மூடியற்றது.

ஒவ்வொரு நத்தையும் ஆணும் பெண்ணுமாயிருப்பதால் வளர்ந்தவை யாவும் முட்டையிடும். ஒரு தடவையில் நூற்றுக்கு மேலும் இடக்கூடும். ஆகவே முதல் மழையிலேயே பொறுக்கியெடுத்த ஒரு நத்தை, பின்வரும் நூறு நத்தைகளைத் தடுத்ததற்குச் சமானம்.

அதன் ஈர நாட்டமே நமக்கு உதவி. மாலையில் நனைத்த சாக்குகளைப் பப்பாளித் தழையுடன் வரப்போரம் பரப்புக. விடியுமுன் அடியில் கூடியவற்றைப் பொறுக்கி, தொட்டியிலிட்ட உப்புநீரில் மூழ்கடித்துக் குழியில் புதைக்கவும். உப்பை நிலத்தில் தூவலாகாது, மண் கெடும். மண்ணுள் காணும் மஞ்சள் நிற முட்டைக் குவியல்களை நசுக்குக. இந்நத்தை மூளைக்காய்ச்சல் உண்டாக்கும் நுண்புழுவைத் தாங்கக்கூடுமாதலால் கையுறையின்றித் தொடவேண்டாம். பச்சைக் காய்கறிகளை நன்கு கழுவியுண்க.

நத்தை தானாக நெடுந்தூரம் செல்வதில்லை. நாற்று, தொட்டிமண், எரு, மரச்சுமை இவற்றோடு மனிதனே அதைச் சுமந்து செல்கிறான். ஜவ்வாது மலையடியில் காடும் ஓடையும் நிழலும் சூழ்ந்த அமிர்தி போன்ற ஊர்களில் அது குடிபுகுந்தால் விரட்டுதல் அரிது. ஆதலால் வெளியூர் நாற்றை இறக்குமுன் வேர்மண்ணைச் சோதிப்பது குடியானவர் கடமை. நத்தை கண்டவுடன் வேளாண்மை அலுவலகத்துக்கு அறிவித்து, ஊரார் யாவரையும் ஒரே நாளில் பொறுக்கச் செய்வது கிராம அதிகாரிகளின் கடமை. ஒருவர் நிலத்தில் மட்டும் பொறுக்கினால், அடுத்த நிலத்திலிருந்து அது மீண்டும் வரும்.