பல்வலி திடீரென்று நின்றால் ஏன் கவலைப்பட வேண்டும்?

பல்வலி எவ்வளவு அவசரம் என்பதை வலியின் கடுமையை வைத்தே முடிவு செய்கிறோம். அது தவறான அளவுகோல். பல்லின் நடுவே நரம்பும் ரத்தக்குழாயும் கொண்ட கூழ் இருக்கிறது. சொத்தை அதை எட்டியதும் கூழ் வீங்கப் பார்க்கும். சுற்றிலும் கெட்டிச் சுவர், வீங்க இடமில்லை. ராத்தூக்கத்தைக் கெடுப்பது அந்த அழுத்தம்தான். கூழ் செத்துப்போனால் வலி சட்டென்று அடங்கிவிடும். கிராம்புத் தைலம் கேட்டுவிட்டது என்று நிம்மதியடைவோம். கிருமிகளோ வேர் நுனி வழியாகத் தாடை எலும்புக்குள் இறங்கிக்கொண்டிருக்கும்.

ஆகவே கவனிக்க வேண்டியது கிருமி பரவுகிறதா என்பதை. கீழ்க் கடைவாய்ப்பல்லின் சீழ் தாடைக்கடியில் இறங்கினால், வீக்கம் நாக்கை மேலே தள்ளி மூச்சுப்பாதையை அடைக்கலாம். 1836-இல் ஜெர்மன் மருத்துவர் லுட்விக் விவரித்த இந்த நிலை இன்றும் உயிரைப் பறிக்கக்கூடியது. தாடைக்கடியிலோ கண்ணைச் சுற்றியோ பரவும் வீக்கம், வாய் திறக்க முடியாமை, எச்சில் விழுங்கச் சிரமம், மூச்சுத்திணறல் ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் பல் கிளினிக் திறக்கட்டும் என்று விடியும்வரை காத்திருக்கக் கூடாது. உடனே பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போய்விட வேண்டும். நெஞ்சு அழுத்தமும் வியர்வையும் சேர்ந்த தாடைவலிக்கும் இதே அவசரம்தான்; அது பல்வலியாக இல்லாமல் மாரடைப்பாகவும் இருக்கலாம்.

மெடிக்கலில் ஆன்டிபயாடிக் வாங்கிப் போட்டால் போதாதா என்று கேட்கலாம். செத்த கூழுக்கு ரத்த ஓட்டமே இல்லை. மாத்திரை எதன் வழியாக அங்கே போய்ச் சேரும்? வீக்கம் தற்காலிகமாக வடியலாம், ஆனால் கிருமியின் இருப்பிடம் அப்படியே இருக்கும். வேர் சிகிச்சையோ பல்லை எடுப்பதோதான் அதை அகற்றும். வீக்கமும் காய்ச்சலும் இல்லாத வலிக்கு நடுநிசியில் ஓட வேண்டியதில்லை; ஓரிரு நாளில் பல் மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும், இடையில் வலி நின்றுபோனாலும்கூட.