வார்டில் போடும் மார்க்

மகனோ மகளோ எம்.பி.பி.எஸ். முடித்துவிட்டால் பாடு தீர்ந்தது என்று பெற்றோர் பலர் நினைக்கிறார்கள். பாடு அப்போதுதான் ஆரம்பம். மேல்படிப்புக்கு இடம் கிடைக்க வேண்டுமே!

நம் நாட்டில் அதற்கு வழி பரீட்சைதான். எய்ம்ஸ், ஜிப்மர், நம் பெங்களூர் நிம்ஹான்ஸ் போன்றவற்றுக்குத் தனிப் பரீட்சை. மற்றவற்றுக்கு 'நீட் பி.ஜி.' 2025-இல் நடந்த அந்தப் பரீட்சையில் 200 கேள்விகள், 800 மார்க். கண் டாக்டரா, எலும்பு டாக்டரா என்பதை அந்த மார்க்கே முடிவு செய்துவிடும். 12 மாதம் ஹவுஸ் சர்ஜனாக வார்டில் உழைத்தது கணக்கில் வராது. அதனால்தான் டியூட்டியிலும் கேள்வி-பதில் புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு திரிகிறார்கள்.

அமெரிக்காவில் நிலைமை வேறு. அங்கே வார்டு வேலைக்கும் மார்க் உண்டு. அடேயப்பா, நல்ல ஏற்பாடாயிற்றே என்று தோன்றும். கொஞ்சம் பொறுங்கள்.

ரவுண்ட்ஸில் பரீட்சை

அங்கே மருத்துவப் படிப்பு நான்கு ஆண்டு. முதல் இரண்டு ஆண்டு பெரும்பாலும் வகுப்பறை. மூன்றாம் ஆண்டில் வார்டுக்கு அனுப்புகிறார்கள். பொது மருத்துவம், அறுவை, குழந்தை, பிரசவம், மனநோய் என்று ஒவ்வொரு பிரிவிலும் சில வாரங்கள் வேலை.

விடிவதற்கு முன்பே போய்த் தன் நோயாளியைப் பார்த்துவிட வேண்டும். பெரிய டாக்டர் ரவுண்ட்ஸ் வரும்போது இரவு எப்படி இருந்தார், என்ன மருந்து, அடுத்து என்ன என்று தட்டுத் தடங்கல் இல்லாமல் சொல்ல வேண்டும். கடைசியில் அந்தப் பிரிவுக்கு ஓர் எழுத்துப் பரீட்சை. அந்த மார்க்கையும் டாக்டர்கள் எழுதும் மதிப்பீட்டையும் சேர்த்துத் தரம் போடுகிறார்கள். பல கல்லூரிகளில் தரம் நான்கு: ஆனர்ஸ், ஹை பாஸ், பாஸ், பெயில்.

இது கல்லூரியோடு நின்றுவிடுவதில்லை. டாக்டர்கள் எழுதிய வாசகங்களோடு கல்லூரித் தலைவரின் கடிதத்தில் ஏறுகிறது. மேல்பயிற்சிக்கு மனுப் போட்ட ஆஸ்பத்திரிகளுக்கெல்லாம் அந்தக் கடிதம் போகிறது. 'பாஸ்' என்றால் தேறிவிட்டாள் என்றுதானே அர்த்தம்? அறுவைப் பயிற்சிக்கு மனுப் போட்ட மாணவிக்கு அறுவைப் பிரிவிலேயே வெறும் 'பாஸ்' விழுந்திருந்தால், பேட்டிக்கு அழைப்பு வருவதே கஷ்டம்.

2022 ஜனவரியிலிருந்து இதன் கனம் கூடிவிட்டது. அதுவரை 'ஸ்டெப்-1' என்ற லைசென்ஸ் பரீட்சையின் மூன்று இலக்க மார்க்கை வைத்து ஆஸ்பத்திரிகள் மனுக்களைச் சலித்துக்கொண்டிருந்தன. அந்த எண்ணை எடுத்துவிட்டு, பாஸ் அல்லது பெயில் என்று மாற்றிவிட்டார்கள். இனி எதை வைத்துச் சலிப்பது? 'ஸ்டெப்-2' மார்க், சிபாரிசுக் கடிதம், வார்டுத் தரம்.

தராசு ஒன்றல்ல

இங்கேதான் சிக்கல். 2012-இல் வெளியான ஓர் ஆய்வு நூற்றுக்கும் மேற்பட்ட அமெரிக்கக் கல்லூரிகளின் வார்டுத் தரங்களை ஒப்பிட்டது. ஒரு கல்லூரியில் உச்சத் தரம் வாங்கியவர்கள் நூற்றுக்கு 2 பேர். இன்னொன்றில் 93 பேர்! இரண்டு கடிதங்களும் ஒரே மேஜைக்குத்தான் வருகின்றன. எந்தக் கல்லூரியில் எத்தனை பேருக்கு என்ன தரம் என்ற கணக்கையும் கடிதத்தோடு இணைக்கிறார்கள். ஆயிரக்கணக்கான மனுக்களுக்கு நடுவே அதை நிதானமாகப் பார்க்க யாருக்கு நேரம்?

ஒரே கல்லூரியிலும் தராசு ஒன்றல்ல. ஒரு டாக்டர் தாராளம், இன்னொருவர் கறார். இரண்டே வாரம் பார்த்தவரும் மதிப்பிடுகிறார். அதிகம் பேசாத மாணவிக்கு ஆர்வமில்லை என்று எழுதிவிடுவதும் உண்டு. சிறுபான்மை இன மாணவர்களுக்கு உச்சத் தரம் குறைவாகவே கிடைக்கிறது என்றும் ஆய்வுகள் கூறுகின்றன. சான்பிரான்சிஸ்கோவிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரி 2019-இல் முக்கிய வார்டுப் பிரிவுகளில் தரம் பிரிப்பதையே நிறுத்திவிட்டது.

என்னைக் கேட்டால், வார்டு வேலையை எடை போடுவதில் தவறில்லை. நோயாளிக்கு வேண்டியது அந்த வேலைதானே! ஆனால் ஆளுக்கொரு எடைக்கல் வைத்துக்கொண்டு அதற்கு மார்க் என்று பெயர் சூட்டுவதுதான் தவறு.

நம் பிள்ளைகளுக்கு

இங்கே படித்துவிட்டு அங்கே மேல்பயிற்சிக்கு மனுப் போடும் நம் பிள்ளைகளிடம் அமெரிக்க வார்டுத் தரம் கிடையாது. அதனால் அவர்களுக்கு ஸ்டெப்-2 மார்க்கும் அமெரிக்க டாக்டர்களின் கடிதமும்தான் கைத்தடி. அந்தக் கடிதத்துக்காகவே கைக்காசைச் செலவழித்து விமானம் ஏறி, நான்கு வாரம் அங்குள்ள ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு வருகிறார்கள்.

எப்போது போவது என்பதில் கவனம் வேண்டும். படிக்கும் காலத்திலேயே போனால், மாணவர் என்ற முறையில் நோயாளியைத் தொட்டுப் பரிசோதிக்கச் சில இடங்களில் அனுமதி கிடைக்கும். பட்டம் வாங்கிய பிறகு போனால் பெரும்பாலும் பார்வையாளர்தான். ரவுண்ட்ஸில் பின்னால் நின்று கேட்கலாம், கை வைக்கக் கூடாது. அப்படி நின்றவரைப் பற்றி அந்த டாக்டர் கடிதத்தில் என்னதான் எழுதுவார்?