மடிக்கணினி பேட்டரியை நாமே மாற்றலாம்

நான் மின்பொறியாளன் அல்லன். பாலக்காடு மாவட்டத்தில், தமிழக எல்லையை ஒட்டிய முதலமடையில் மாந்தோப்புக் கணக்கு எழுதும் தொழில் செய்பவன். கோவிந்தாபுரத்தைத் தாண்டினால் பொள்ளாச்சிச் சாலை; வீட்டில் தமிழ், கடைத்தெருவில் தமிழும் மலையாளமும் கலந்த பேச்சு. நம் வாசகர்கள் பலரைப் போலவே, பிள்ளைகளின் படிப்புக்காகச் சிரமப்பட்டு ஒரு மடிக்கணினி வாங்கியவன். அதனிடம் நான் கற்றுக்கொண்ட பாடம் உங்களுக்கும் உதவும் என்பதால் இதை எழுதுகிறேன்.

சென்ற கோடையில் ஒரு மாலை காற்றும் மழையுமாக வந்து மின்சாரம் போயிற்று. கல்லூரிக்கு மறுநாள் கொடுக்க வேண்டிய கட்டுரையை எழுதிக்கொண்டிருந்த என் மகளின் மடிக்கணினியும் அதே நொடியில் அணைந்தது. சேமிக்காத ஆறு பக்கங்கள் போய்விட்டன. "லேப்டாப் என்று பெயர், கரன்ட் போனால் டிவி மாதிரி நின்றுவிடுகிறதே அப்பா" என்று அழாத குறையாகச் சொன்னாள். ஒரு கடையில் காட்டினோம். திறந்துகூடப் பார்க்காமல், "மதர்போர்டு போயிருக்கும், புதிதாக வாங்கிவிடுங்கள்" என்றார்கள். புதியதன் விலை எனக்கு இரண்டு மாத வருமானம். மதர்போர்டு போயிருந்தால் சார்ஜரில் மட்டும் எப்படி ஒழுங்காக ஓடுகிறது என்ற சந்தேகத்துடன் வீடு திரும்பினேன்.

பேட்டரி ஏன் கிழடாகிறது?

இன்றைய மடிக்கணினிகளில் இருப்பது லித்தியம் அயனி பேட்டரி. 1991-ல் சோனி நிறுவனம் இதை முதன்முதலாக விற்பனைக்குக் கொண்டு வந்தது. இதற்கு அடித்தளம் இட்ட ஜான் குட்இனஃப், ஸ்டான்லி விட்டிங்காம், அகிரா யோஷினோ ஆகிய மூவருக்கும் 2019-ல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. சார்ஜ் ஏறும்போது லித்தியம் அயனிகள் ஒரு முனையிலிருந்து கிராஃபைட் முனைக்குச் செல்கின்றன. பயன்படுத்தும்போது திரும்பி வருகின்றன. போகவர, கிராஃபைட்டின் மேல் ஒரு படலம் தடித்துக்கொண்டே போகிறது. அதில் கொஞ்சம் கொஞ்சமாக லித்தியம் சிக்கிக்கொள்ள, கொள்ளளவு குறைகிறது.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு இதை மாங்காயைக் கொண்டு சொல்லிவிடலாம். பறித்த மாங்காய் கூடையில் சும்மா கிடந்தாலும் பழுக்கும். வெக்கையில் வேகமாகப் பழுக்கும். பேட்டரியும் அப்படியே. பயன்படுத்தினாலும் முதுமை, பெட்டியில் பூட்டி வைத்தாலும் முதுமை; சூடு பட்டால் இரட்டை வேகம்.

முதலில் கண்ணால் பாருங்கள்

வேறு எதையும் செய்வதற்கு முன், பேட்டரி உப்பியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மேசையில் வைத்தால் கணினி ஆடுகிறதா? விரலால் தேய்க்கும் தொடுபலகை மேலே எழும்பியிருக்கிறதா? மூடி சரியாக மூட மறுக்கிறதா? இவற்றில் ஒன்று இருந்தாலும் உள்ளே வாயு சேர்ந்து பேட்டரி வீங்கியிருக்கக்கூடும். உடனே சார்ஜரைப் பிடுங்கி, கணினியை அணைத்துவிடுங்கள்.

எங்கள் பக்கத்து வீட்டுப் பையனின் கணினி இப்படித்தான் இருந்தது. அதை மெத்தை மேல் வைத்துப் படித்து, தலைமாட்டிலேயே சார்ஜில் போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தான். "ஊசியால் குத்திக் காற்றை எடுத்துவிட்டால் சரியாகிவிடாதா மாமா?" என்று கேட்டான். குத்தினால் உள்ளே முனைகள் ஒன்றோடொன்று தொட்டுத் தீப்பிடிக்கும் என்று தடுத்தேன். அதை நானும் திறக்கவில்லை. எரியும் பொருள் இல்லாத வெளித்திண்ணையில், வெயில் படாமல் ஒரு நாள் வைத்திருந்து, அந்த நிறுவனத்தின் சர்வீஸ் நிலையத்தில் ஒப்படைத்தோம். உள்ளே முனைகள் ஒட்டிக்கொண்டால் நேர்வது விளையாட்டல்ல. 2006 ஆகஸ்டில், செல்லுக்குள் நுண்ணிய உலோகத் துகள்கள் இருந்த காரணத்தால், டெல் நிறுவனம் சுமார் 41 லட்சம் பேட்டரிகளைத் திரும்பப் பெற்றது.

பிறகு அளந்து பாருங்கள்

வீக்கம் இல்லை என்றால் அடுத்தது அளவு. இதற்குக் காசு வேண்டாம். விண்டோஸ் கணினியில் தேடும் கட்டத்தில் சி, எம், டி என்ற மூன்று ஆங்கில எழுத்துகளைத் தட்டினால் ஒரு கறுப்புச் சாளரம் திறக்கும். அதில் 'பவர்' என்ற ஆங்கிலச் சொல்லையும் அதை ஒட்டியே சி, எஃப், ஜி என்ற எழுத்துகளையும் தட்டுங்கள். ஓர் இடைவெளி விட்டு, வலப்புறம் சாய்ந்த கோடு ஒன்று; அதை ஒட்டி 'பேட்டரி', 'ரிப்போர்ட்' என்ற இரு சொற்களையும் சேர்த்தே எழுதி என்டர் தட்டுங்கள். அறிக்கை எங்கே சேமிக்கப்பட்டது என்பது திரையில் வரும். உபுண்டு வைத்திருப்பவர்கள் 'பவர் ஸ்டாட்டிஸ்டிக்ஸ்' என்ற செயலியில் இதே விவரத்தைக் காணலாம்.

அறிக்கையில் இரண்டு எண்கள் முக்கியம். 'டிசைன் கபாசிட்டி' என்பது புதிதில் இருந்த கொள்ளளவு; 'ஃபுல் சார்ஜ் கபாசிட்டி' என்பது இன்று முழுதாக ஏற்றினால் கொள்ளும் அளவு. என் மகளின் கணினியில் முதல் எண் 41,040, இரண்டாவது 9,850. அதாவது 24 சதவீதம். அந்த 24 சதவீதத்துக்காவது ஓட வேண்டாமா என்று கேட்பீர்கள். வயதான பேட்டரியில் உள்தடையும் கூடிவிடுகிறது. கணினி முழுப் பாரத்தையும் அதன்மேல் போட்டதும் மின்னழுத்தம் சரிந்து, இயந்திரம் அணைந்துவிடுகிறது. பொதுவாக 300 முதல் 500 முறை முழுதாக ஏற்றி இறக்கிய பிறகு கொள்ளளவு 80 சதவீத அளவுக்கு இறங்கும். பாதிக்குக் கீழே போனால் மாற்றுவதே நல்லது.

இரண்டாம் எண் நன்றாக இருந்தும் சார்ஜ் ஏறவில்லை என்றால் குறை பேட்டரியில் இல்லாமல் வேறிடத்தில் இருக்கலாம். அதே வோல்ட்டும் அதே முனையும் உள்ள, அதே நிறுவனத்தின் வேறு சார்ஜரைச் செருகிப் பாருங்கள். 80 சதவீதத்தில் சார்ஜ் நின்றால், பேட்டரியைக் காக்க அப்படி ஓர் அமைப்பு செய்யப்பட்டிருக்கலாம். அதைக் குறை என்று நினைத்துச் செலவு செய்ய வேண்டாம். இவை எதுவும் இல்லை என்றால்தான் மதர்போர்டின் மேல் சந்தேகம் வர வேண்டும்.

வாங்கும்போது

பழைய பேட்டரியின் மேல் உள்ள மாதிரி எண்ணை எழுத்து தவறாமல் குறித்துக்கொள்ளுங்கள். வோல்ட், இணைப்பு முனையின் வடிவம், திருகுத் துளைகள் மூன்றும் பொருந்த வேண்டும். கொள்ளளவைச் சரிபார்ப்பதும் எளிது: 11.4 வோல்ட், 3,600 மில்லி ஆம்பியர் மணி என்றால் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் 41.04 வாட் மணி. லேபிளில் இந்தக் கணக்கு ஒத்துவரவில்லை என்றால் வாங்காதீர்கள். இந்தியத் தர நிர்ணய முத்திரையும் ஐஎஸ் 16046 என்ற எண்ணும் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். தயாரித்த தேதி மிக முக்கியம். மூன்று வருடம் கிடங்கில் கிடந்த 'புது' பேட்டரி, கூடையில் பழுத்த மாங்காய்தான்.

மாற்றும் முறை

உத்தரவாதக் காலம் முடியாத கணினியை நிறுவனத்திடமே கொடுங்கள். மற்றவர்கள் இவ்வாறு செய்யலாம்:

1. சார்ஜை 25 சதவீதத்துக்குக் கீழே இறக்கி, ஷிப்ட் விசையை அழுத்தியபடி கணினியை முழுதாக அணையுங்கள். சார்ஜரைக் கழற்றுங்கள்.

2. பேட்டரி வெளியே தெரியும் பழைய மாதிரி என்றால், அடியில் உள்ள கொக்கியைத் தள்ளினால் கழன்றுவிடும். வேலை முடிந்தது.

3. உள்ளே இருக்கும் மாதிரி என்றால், கூட்டல் குறி போன்ற முனையுள்ள சிறிய ஸ்டார் திருப்புளி வேண்டும். ஒரு தாளில் கணினியின் அடிப்பாகத்தை வரைந்து, கழற்றிய ஒவ்வொரு திருகையும் அந்தந்த இடத்திலேயே வையுங்கள். நீளம் மாறி முடுக்கினால் மேற்பலகை துளைபட்டுவிடும்.

4. பழைய பிளாஸ்டிக் அட்டை ஒன்றால் ஓரத்தைச் சுற்றி மெல்ல நெம்பி மூடியை எடுங்கள். கத்தி வேண்டாம். உள்ளே தொடுமுன், அருகில் உள்ள ஓர் உலோகப் பொருளைத் தொட்டு உடம்பின் நிலைமின்சாரத்தைப் போக்கிக்கொள்ளுங்கள்.

5. முதல் வேலை, பேட்டரியின் இணைப்பைப் போர்டிலிருந்து எடுப்பது. கம்பியை இழுக்கக் கூடாது; முனையைப் பிடித்து நகர்த்த வேண்டும். பிறகு பேட்டரியின் திருகுகளைக் கழற்றி வெளியே எடுங்கள். பசையால் ஒட்டப்பட்டிருந்தால் நெம்பாதீர்கள், வளைந்தாலும் ஆபத்துதான். அங்கே கையை எடுத்துவிட்டு, தெரிந்தவரிடம் கொடுங்கள்.

6. புதியதை வைத்துத் திருகி, இணைப்பைக் கடைசியில் செருகி, மூடியை மாட்டுங்கள். ஒரு முறை முழுதாக ஏற்றிவிட்டு மீண்டும் அறிக்கை எடுத்துப் பாருங்கள்.

எங்களுக்கு எல்லாம் சேர்ந்து முக்கால் மணி நேரம் ஆயிற்று. திருகுகளை அடுக்கியது என் மகள், கழற்றியது நான். புதிய அறிக்கையில் இரண்டு எண்களும் ஏறக்குறைய ஒன்றாக வந்தபோது அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

பழையதை என்ன செய்வது?

குப்பையில் போடக் கூடாது, எரிக்கவே கூடாது. 2022-ல் வந்த பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, நாம் அதை மற்றக் குப்பையோடு கலக்காமல் தனியே கொடுக்க வேண்டும். திரும்பப் பெறும் பொறுப்பு உற்பத்தியாளருடையது. இணைப்பு முனையில் டேப் ஒட்டி, நிறுவனத்தின் சேகரிப்பு நிலையத்தில் கொடுங்கள். கேரளத்தில் உள்ளவர்கள் ஹரித கர்ம சேனைச் சகோதரிகளிடம் மின்கழிவு எடுக்கும் நாளைக் கேட்டு வைத்துக்கொள்ளலாம்.

இனிக் காப்பது எப்படி?

புதிய பேட்டரியை எட்டு மணி நேரம் ஏற்ற வேண்டும், முழுதாகத் தீர்த்த பிறகே மறுபடி ஏற்ற வேண்டும் என்பதெல்லாம் பழைய நிக்கல் பேட்டரிக் காலத்துப் பேச்சு. லித்தியத்துக்கு வேண்டியது குளிர்ச்சி. மெத்தை மேல் வைக்காதீர்கள். வெயிலில் நிற்கும் காருக்குள் விட்டுச் செல்லாதீர்கள். எப்போதும் சார்ஜரிலேயே இருக்குமானால் 80 சதவீத வரம்பை வைத்துக்கொள்ளுங்கள். விடுமுறைக்கு ஊருக்குப் போகிறீர்கள் என்றால் பாதி சார்ஜில் அணைத்து வையுங்கள்.

கடைக்காரரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அளக்காமல் சொல்லும் எந்த வார்த்தைக்கும் பணம் கொடுக்காதீர்கள் என்பதே என் வேண்டுகோள். வீங்கிய பேட்டரியிலும் ஒட்டிய பேட்டரியிலும் மட்டும் வீரம் காட்ட வேண்டாம்.

இக்கட்டுரையை அந்த மடிக்கணினியில்தான் என் மகள் தட்டச்சு செய்து தந்தாள். இடையே ஒரு முறை மின்சாரம் போயிற்று. அவள் தலையை நிமிர்த்தாமல் தட்டிக்கொண்டே இருந்தாள்.