மோடம் கத்தியும் லாகின் ஆகாதது ஏன்? டயல்-அப் காலத்து வேகச் சிக்கல்

1995 ஆகஸ்ட் 15. சென்னை உள்ளிட்ட பெருநகரங்களில் பொதுமக்களுக்கு இணையச் சேவையை விஎஸ்என்எல் தொடங்கிய நாள். தனிநபருக்கு 250 மணி நேரம் 5,000 ரூபாய். வேகம் விநாடிக்கு 9,600 பிட். போன் பில் தனி!

காத்திவாக்கத்திலிருந்து டயல் செய்தாலும் அண்ணா சாலையிலிருந்து செய்தாலும், 'ஷெல்' கணக்கு கொண்டுபோய்ச் சேர்த்தது ஒரு யூனிக்ஸ் கணினியில். படம் கிடையாது, வெறும் எழுத்துதான்.

அந்தக் காலத்து யூனிக்ஸ் கணினிகளை மோடத்தில் அழைத்தவர்களுக்கு ஒரு பொதுவான தலைவலி உண்டு. லைன் கிடைக்கும், மோடம் கிரீச்சிடும். ஆனால், 'லாகின்' என்ற சொல்லுக்குப் பதில் திரையில் வெறும் கிறுக்கல்.

என்ன காரணம்?

இங்கே வேகம் ஒன்றல்ல, இரண்டு. முதலாவது, மோடத்துக்கும் மோடத்துக்கும் இடையே தொலைபேசி லைனில் ஓடும் வேகம். அந்தக் கிரீச் சத்தமே இதற்கான பேரம்தான். லைனில் இரைச்சல் இருந்தால் 28,800 பிட் மோடமும் 14,400, 9,600 என்று இறங்கி வரும்.

இரண்டாவது, கணினிக்கும் அதன் மோடத்துக்கும் இடையே கேபிளில் ஓடும் வேகம். இரு பக்கமும் ஒரே எண்ணை வைத்திருக்க வேண்டும். 9,600-இல் வருவதை 2,400-இல் படித்தால், நான்கு பிட் கடக்கும் நேரத்தில் ஒன்றைத்தான் எண்ணும். அதுதான் கிறுக்கல்.

யூனிக்ஸ் எப்படிச் சமாளித்தது?

'கெட்டி' என்ற நிரல் அழைப்புக்காகக் காத்திருக்கும். அதன் கையில் வேகங்களின் பட்டியல் இருக்கும். கிறுக்கல் வந்தால் பயனர் 'பிரேக்' அனுப்புவார்; கெட்டி அடுத்த வேகத்துக்கு மாறி மறுபடி 'லாகின்' கேட்கும். சரியாக வரும்வரை இதே கதைதான், போன் மீட்டரும் ஓடிக்கொண்டே இருக்கும். சில அமைப்புகளில் மோடம் 'கனெக்ட் 9600' என்று சொல்வதைப் படித்து, கணினியே வேகத்தை மாற்றிக்கொண்டது.

நிரந்தரத் தீர்வு?

கேபிள் வேகத்தை 38,400 போல உயரத்தில் பூட்டிவிடுவது. லைன் எந்த வேகத்தில் ஓடினாலும் கணினி கவலைப்பட வேண்டாம். மிஞ்சும் தரவை மோடம் தன் நினைவகத்தில் வைத்துக்கொள்ளும். அது நிரம்பினால் 'நிறுத்து' என்று தனிக் கம்பியில் சைகை காட்டும். துறைமுகத்துக்குள் இடமில்லை என்றால் கண்டெய்னர் லாரிகளை எண்ணூர் சாலையிலேயே நிறுத்திவைப்பது போலத்தான்.

இப்போது எதற்கு இந்தக் கதை?

ரௌட்டரின் கன்சோல் கேபிளிலோ ஆர்டுயினோவிலோ இன்றும் அதே கிறுக்கல் வரும். கேபிளைத் தூக்கிப் போடும் முன், இரு பக்கமும் 'பாட் ரேட்' ஒன்றுதானா என்று பாருங்கள். பெரும்பாலும் வேலை அங்கேயே முடிந்துவிடும்.