ஆளுக்கொரு வைத்தியம்

தேயிலைப் பெண்ணும் தேக நலமும் – 8

வெற்றிலையையும் புகையிலையையும் பற்றிச் சென்ற வாரம் பேசினோம். அதில் ஒரு வசதி இருந்தது. "விட்டுவிடு" என்பதற்கு எதிராக எந்த வைத்தியரும் வாய் திறக்கமாட்டார். மார்பகப் புற்றுநோயில் அந்த வசதி கிடையாது. தோட்டத்தில் ஒரு பெண்ணுக்கு இந்த நோய் என்று தெரிந்துவிட்டால் லயத்தின் முன்பக்கமிருந்தும் பின்பக்கமிருந்தும் புத்திமதி வந்து குவியும். "கத்தி பட்டா பரவிடும் புள்ள, ஆப்பரேசனுக்கு ஒத்துக்காத" என்பார் பெரியம்மா. சீனியை நிறுத்தச் சொல்வார் மதினி. கோழி ஆகாது, சோயா மீட் ஆகவே ஆகாது என்பார் பக்கத்துக் காம்பராக்காரர். கொழும்பில் கடையில் நிற்கும் மகன், முள்ளுச் சீத்தா இலையை அவித்துக் குடிக்கும்படி போனில் வீடியோ அனுப்புவான். கிளினிக் நர்ஸோ, "முட்டை, மீன் எல்லாம் நல்லா சாப்பிடுங்கம்மா" என்பார். யார் பேச்சைக் கேட்பது?

உலகம் முழுவதும் 2022இல் சுமார் 23 இலட்சம் பெண்களுக்கு இந்த நோய் கண்டுபிடிக்கப்பட்டது. 6 இலட்சத்து 70 ஆயிரம் பேர் இறந்தார்கள். இலங்கைப் பெண்களுக்கு வரும் புற்றுநோய்களிலும் இதுவே முதலிடத்தில் இருக்கிறது. இத்தனை பேருக்கு வருகிற நோய்க்கு இத்தனை விதமான அறிவுரை இருப்பதில் வியப்பில்லை. அவற்றில் சில வெறும் பொய். ஆனால் மற்றவற்றில் பெரும்பகுதி, வேறொரு பெண்ணுக்குச் சொல்லப்பட்டு இந்தப் பெண்ணின் காதில் விழுந்தவை. இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் குழப்பத்தில் பாதி தீரும்.

நிபுணர்களுக்குள்ளும் இழுபறி

முதலில் வைத்தியர்களின் பக்கத்தையே பார்ப்போம். அமெரிக்காவின் நோய்த்தடுப்பு நிபுணர் குழு 2009இல், 50 வயதிலிருந்து மமோகிராம் (மார்பக எக்ஸ்ரே) எடுத்தால் போதும் என்றது. அதே குழு 2024இல் 40 வயதிலிருந்தே இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை எடுக்கச் சொல்லிவிட்டது. மாதம் ஒருமுறை மார்பைத் தாங்களாகவே தடவிப் பார்க்கும்படி பெண்களுக்கு எங்கும் சொல்லப்படுகிறது. ஷாங்காய் நெசவாலைகளில் வேலை செய்த 2 இலட்சத்து 66 ஆயிரம் பெண்களை வைத்து அதைச் சோதித்தார்கள். 2002இல் முடிவு வந்தது: சுயபரிசோதனை கற்பிக்கப்பட்ட பெண்களிடையே சாவு குறையவில்லை, தீங்கில்லாத கட்டிகளைக் கண்டு பயந்து பரிசோதனைக்கு ஓடியவர்கள்தான் கூடினார்கள்.

அப்படியென்றால் தடவிப் பார்ப்பது வீணா? இல்லை. மாதாமாதம் சடங்குபோலச் செய்வதால் மட்டும் உயிர் காக்கப்படாது. ஆனால் குளிக்கும்போது கையில் ஒரு கட்டி தட்டுப்பட்டால், முலைக்காம்பு உள்ளே இழுத்துக்கொண்டால், இரத்தம் கசிந்தால், தோல் குழிந்தால், அடுத்த வாரம் என்று பாராமல் காட்ட வேண்டும்.

மும்பை டாட்டா நினைவு மருத்துவமனை 1998இல் தொடங்கிய ஆய்வு நமக்கு இன்னும் நெருக்கமானது. சேரிப் பகுதிகளைச் சேர்ந்த ஒன்றரை இலட்சம் பெண்களை இருபது ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். அதில் ஒரு பாதிப் பேரை, பயிற்சி பெற்ற பெண் சுகாதார ஊழியர்கள் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை கையால் பரிசோதித்தார்கள். 2021இல் வெளியான முடிவின்படி, 50 வயதுக்கு மேற்பட்டவர்களிடம் மார்பகப் புற்றுநோய்ச் சாவு ஏறக்குறைய 30 சதவீதம் குறைந்தது. இளையவர்களிடம் அந்தக் குறைவு தெரியவில்லை. இயந்திரம் இல்லாத ஊரிலும் பழகிய கை உதவும் என்பது இதிலிருந்து தெரிகிறது. நமது சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகள் நடத்தும் சுகவனிதையர் கிளினிக்குகள் அந்த வேலையைத்தான் செய்கின்றன. 1996இல் தொடங்கிய திட்டம் அது. 35 வயதுப் பெண்களைக் குறிவைத்து ஏற்பட்டது; மார்பகத்தோடு கருப்பைக் கழுத்தையும் பார்ப்பார்கள். மருத்துவிச்சி வந்து கூப்பிட்டால் "இன்னைக்கு பேர் போயிரும்" என்று நாட்கூலியை நினைத்துத் தள்ளிப்போடாதீர்கள்.

எல்லாம் எடுப்பதா, கட்டியை மட்டுமா?

அடுத்த குழப்பம் சத்திரசிகிச்சையில். ஒரு டொக்டர் மார்பை முழுதாக எடுக்கச் சொல்கிறார், இன்னொருவர் கட்டியை மட்டும் எடுத்தால் போதும் என்கிறார். இரண்டு பேரும் சரியாகச் சொல்லியிருக்கலாம். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்க அறுவை நிபுணர் ஹால்ஸ்டெட், மார்போடு நெஞ்சுத் தசையையும் சேர்த்து அகற்றும் முறையைக் கொண்டுவந்தார். எழுபது எண்பது ஆண்டுகள் அதுவே வழக்கமாக இருந்தது. அமெரிக்காவில் அறுவை நிபுணர் பெர்னார்ட் ஃபிஷர் 1976இல் தொடங்கிய சோதனையும், இத்தாலியின் மிலான் நகரில் உம்பெர்த்தோ வெரோனேசி நடத்திய சோதனையும் அதை அசைத்தன. 2002இல் இரண்டின் இருபது ஆண்டு முடிவுகளும் வந்தபோது, கட்டியை மட்டும் எடுத்தவர்களும் முழு மார்பை எடுத்தவர்களும் ஒரே அளவில் உயிரோடு இருந்தார்கள்.

ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. ஃபிஷரின் சோதனையில், கட்டியை மட்டும் எடுத்துக் கதிர் சிகிச்சை பெறாதவர்களில் 39 சதவீதத்தினருக்கு அதே மார்பில் நோய் திரும்பியது. கதிர் சிகிச்சையும் பெற்றவர்களில் அது 14 சதவீதம். ஆக, "கட்டியை மட்டும்" என்ற அறிவுரைக்குள் "கதிர் சிகிச்சைக்கு ஒழுங்காக வருவாய்" என்ற வாக்குறுதி மறைந்திருக்கிறது. பொகவந்தலாவையிலிருந்து ஒரு பெண் கண்டிக்கோ மகரகம அபேக்ஷா வைத்தியசாலைக்கோ வாரக்கணக்கில் நாள் தவறாமல் போய்வர வேண்டும், அல்லது அங்கேயே தங்க இடம் தேட வேண்டும். முன்பு இது ஐந்து வாரம். மூன்று வாரத்தில் முடிக்கலாம் என்று பிரித்தானிய ஆய்வுகள் காட்டின; 2020இல் வெளியான இன்னோர் ஆய்வு, சிலருக்கு ஒரே வாரம் போதும் என்றது. "எனக்கு எத்தனை நாள்?" என்று கேட்டுவிட்டு முடிவெடுக்கலாம். தூரத்தை நினைத்து முழு மார்பையும் எடுக்கச் சம்மதிக்கும் பெண்ணைப் பழைய காலத்து ஆள் என்று யாரும் சொல்ல வேண்டாம். அவளுக்கு அது நல்ல கணக்காக இருக்கலாம். அப்போதும் சிலருக்குக் கதிர் சிகிச்சை தேவைப்படும். அதையும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும்.

கத்தி பட்டால் பரவும் என்ற பேச்சு மட்டும் வேறு வகை. முற்றிய நிலையில் போனவர்கள் ஆப்பரேசனுக்குப் பிறகு இறந்ததைப் பார்த்துப் பார்த்து ஊறிய பயம் அது. கொன்றது கத்தி அல்ல, தாமதம்.

சோயா மீட்டும் சீனியும்

சாப்பாட்டில்தான் கேள்விகள் அதிகம். சோயாவில் ஈஸ்ட்ரோஜன் ஹோர்மோனை லேசாக ஒத்த பொருள் இருக்கிறது. அது கட்டியை வளர்க்கும் என்ற அச்சம் எலி ஆய்வுகளிலிருந்து வந்தது. ஷாங்காயில் இந்த நோய்க்குச் சிகிச்சை பெற்ற 5,042 பெண்களைப் பின்தொடர்ந்து 2009இல் வெளியிட்ட ஆய்வில், சோயா உணவு கூடுதலாகச் சாப்பிட்டவர்களிடம் நோய் திரும்புவதும் சாவும் குறைவாகவே இருந்தன. சோயாதான் காப்பாற்றியது என்று இதிலிருந்து சொல்லிவிட முடியாது. ஆனால் கறிக்கும் மீனுக்கும் காசில்லாத வீட்டில், பக்கெட்டில் வாங்கும் சோயா மீட்டை விலக்க வேண்டிய காரணம் இல்லை. சோயாச் சத்து மாத்திரை என்று விற்பது வேறு, அதை வாங்க வேண்டாம்.

சீனி விஷயத்தில் அரை உண்மை இருக்கிறது. புற்றுக் கலம் குளுக்கோஸை அள்ளி விழுங்கும் என்பதை ஜெர்மன் விஞ்ஞானி ஓட்டோ வார்பேர்க் 1920களிலேயே கண்டார். ஆனால் வாயைக் கட்டினால் கட்டி பட்டினி கிடக்காது. ஈரல் தானே குளுக்கோஸைச் செய்து இரத்தத்தில் விடும். இனிப்புத் தேத்தண்ணியைக் குறைப்பது நீரிழிவுக்கும் உடல் எடைக்கும் நல்லது, அவ்வளவுதான்.

கொழுப்பைக் குறைத்தால் நோய் திரும்பாதா என்று அமெரிக்காவில் இரண்டு பெரிய சோதனைகள் நடந்தன. 2,437 பெண்களை வைத்து நடத்திய ஒன்று, நோய் திரும்புவது 24 சதவீதம் குறைந்ததாக 2006இல் சொன்னது. 3,088 பெண்களை வைத்து நடத்திய மற்றொன்று, காய்கறியையும் பழத்தையும் கூட்டிக் கொழுப்பைக் குறைத்தும் வித்தியாசமில்லை என்று 2007இல் சொன்னது. முதல் சோதனையில் பெண்களின் எடை குறைந்தது, இரண்டாவதில் குறையவில்லை. அதுவே காரணமாக இருக்கலாம் என்கிறார்கள். இரண்டுமே நன்றாகச் சாப்பிட்டு எடை கூடிய நாட்டின் கேள்விகள். கோதுமை மா ரொட்டியும் சம்பலும் சாப்பிட்டு, இரத்தம் குறைந்த உடம்போடு மலையேறும் பெண்ணுக்கு, கீமோ நடக்கும் மாதங்களில் முட்டையையும் பருப்பையும் நிறுத்தச் சொல்வது அநியாயம். இங்கே நர்ஸ் சொல்வதே சரி.

முள்ளுச் சீத்தாவைப் பற்றி ஒரு செய்தி. கரீபியத் தீவான குவாதலூப்பில் அதன் பழத்தையும் இலைக் கஷாயத்தையும் நிறைய எடுத்தவர்களிடம், பார்க்கின்சன் போன்ற நரம்பு நோய் மிகுதியாக இருந்ததை 1999இல் கண்டார்கள். இலைதானே, கெடுதல் செய்யாது என்று நினைக்க வேண்டாம். அதைவிடப் பெரிய ஆபத்து, கஷாயத்தை நம்பி கிளினிக்கை விடுவது. அமெரிக்காவில் வைத்தியசாலைச் சிகிச்சையை மறுத்து மாற்று வைத்தியத்தை மட்டும் நம்பிய மார்பகப் புற்று நோயாளிகள், சிகிச்சை பெற்றவர்களைவிட ஐந்து மடங்குக்கும் கூடுதலான சாவு அபாயத்தில் இருந்ததை 2018இல் வெளியான ஆய்வு காட்டியது.

கையும் கூடையும்

ஆப்பரேசனில் அக்குளின் நிணநீர்க் கணுக்களை எடுத்த பிறகு கை வீங்கலாம். "அந்தக் கையால் எதையும் தூக்காதே" என்பது பழைய அறிவுரை. வீக்கமுள்ள 141 பெண்களை வைத்து 2009இல் வெளிவந்த ஆய்வு, மேற்பார்வையோடு எடையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டித் தூக்கினால் வீக்கம் கூடாது, வேதனை குறையும் என்றது. இதைக் கேட்டு யாரும் முதல் நாளே கூடையை மாட்டிக்கொண்டு மலைக்குப் போகக்கூடாது. "கொஞ்சம் கொஞ்சமாக" என்பதுதான் அதில் உயிர். தோட்டக் கணக்கோ 18 கிலோ கொழுந்து கேட்கிறது, குறைந்தால் அரைப்பேர். கவ்வாத்துக் கட்டைகள் கையைக் கீறும். கீறிய இடத்தில் கிருமி புகுந்தால் கை சிவந்து வீங்கும். நீளக் கைச்சட்டை போட வேண்டும். காயம் பட்டால் உடனே கழுவி மருந்து போட வேண்டும். கை சூடாகச் சிவந்தால் அன்றைக்கே டிஸ்பென்சரிக்குப் போக வேண்டும். சில மாதங்களுக்கு நர்சரியிலோ பிள்ளைக்காம்பராவிலோ இலேசான வேலை கேட்டு, வைத்தியரிடம் கடிதம் வாங்கித் துரையிடம் கொடுக்கலாம்.

கொப்பியில் எழுத வேண்டிய நான்கு

இத்தனை அறிவுரைகளில் எது தனக்கு என்று தெரிய, நான்கு விடைகள் வேண்டும். நோய் எந்தக் கட்டத்தில்? ஹோர்மோன் ஏற்பி இருக்கிறதா? ஹெர்-2 என்ற புரதம் கூடுதலாக இருக்கிறதா? மாதவிடாய் நின்றுவிட்டதா? முதல் மூன்றும் வைத்தியசாலை அறிக்கையில் இருக்கும். கேட்டு, கிளினிக் கொப்பியில் தமிழில் எழுதி வையுங்கள். ஹோர்மோன் ஏற்பி உள்ளவருக்கு டாமொக்சிஃபென் மாத்திரை ஐந்து ஆண்டு, சிலருக்குப் பத்து ஆண்டு. அது சாவு அபாயத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கைக் குறைக்கிறது. ஏற்பி இல்லாதவருக்கு அது பயன்படாது. "அவளுக்கு மாத்திரை குடுத்தாங்க, எனக்குக் குடுக்கல" என்ற மனக்குறைக்கு விடை இதில் இருக்கிறது. "சூடு" என்று மாத்திரையைத் தானாக நிறுத்தாமல், உடம்பு எரிவதை வைத்தியரிடம் சொல்லுங்கள்.

பிறகு எந்த அறிவுரை வந்தாலும் ஒரே கேள்வியால் அளந்து பாருங்கள்: இது சிகிச்சையைத் தள்ளிப்போடச் சொல்கிறதா? ஆமென்றால், சொன்னவர் எவ்வளவு வேண்டியவராக இருந்தாலும் விட்டுவிடுங்கள். இல்லையென்றால், வைத்தியரிடம் கேட்டுவிட்டு உங்கள் விருப்பம். முதலில் காட்டிய நாளிலிருந்து 60 நாட்களுக்குள் நோயை உறுதி செய்ய வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் இலக்கு. இந்திய உதவியில் கட்டி 2017 மே மாதம் திறந்த டிக்கோயா ஆதார வைத்தியசாலை ஹற்றனுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அரச வைத்தியசாலையில் காட்டக் கட்டணம் இல்லை.

அறிவுரை சொல்ல வரும் பெரியம்மாக்களுக்கும் மதினிமார்களுக்கும் ஒரு வேண்டுகோள். கண்டியிலும் மகரகமையிலும் பேச்சு பெரும்பாலும் சிங்களத்தில் நடக்கும், அட்டை ஆங்கிலத்தில் எழுதப்படும். பாதி புரிந்து திரும்பும் பெண்தான் மீதிப் பாதியை லயத்தில் தேடுகிறாள். இலை பறித்துக் கொடுப்பதற்குப் பதிலாக, சிங்களம் தெரிந்த ஒரு பிள்ளையைக் கூட்டிக்கொண்டு கிளினிக் நாளில் அவளோடு போய் வாருங்கள்.

(தொடரும்)