காற்று பட்டால் துவர்ப்பு குறையும், விஷம் போகாது!

ஒயின் குழாய் செய்யும் வேலை என்ன?

சென்னை, கிண்டி-
1958-ல் தொடங்கிய கிண்டி தொழிற்பேட்டையில் ஷிப்டு விட்டதும் டீக்கடைகளில் கூட்டம் மொய்க்கும். "மாஸ்டர், நல்லா ஆத்திக் குடு!" என்பார்கள். மாஸ்டர் கையை உயரத் தூக்கி ஒரே இழுப்பாக இழுப்பார். சூடு தணியும். நுரை கட்டும். மணம் தூக்கும்.

சிவப்பு ஒயின் குடிப்பவர்கள் இதே வித்தைக்குக் காசு கொடுத்துக் குழாய் வாங்குகிறார்கள். அதன் பெயர் 'ஏரேட்டர்'.

கார்புரேட்டர் தத்துவம்

பாட்டில் வாயில் செருகும் சின்னப் புனல் இது. நடுவில் கழுத்து குறுகலாக இருக்கும். ஒயின் அங்கே வேகமாகப் பாயும்போது அழுத்தம் குறையும். உடனே பக்கத்து ஓட்டை வழியே காற்று 'விசுக்'கென்று உள்ளே நுழையும். பழைய மோட்டார் சைக்கிள் கார்புரேட்டரில் பெட்ரோலோடு காற்று கலப்பதும் இப்படித்தான். கிண்டி மெக்கானிக்குகளுக்கு இது ஒன்றும் புதுசு அல்ல!

மூடிக் கிடந்த பாட்டிலின் கந்தக வாடை கிளம்பிப் போகும். பழ மணம் மேலே வரும். புது ஒயினின் துவர்ப்பு நாக்குக்குக் கொஞ்சம் மென்மையாகத் தெரியும். அகலமான ஜாடியில் ஊற்றி அரை மணி நேரம் வைத்தாலும் ஏறக்குறைய இதே பலன்தான். மிகப் பழைய ஒயினுக்கு மட்டும் அதிகக் காற்று ஆகாது. இருக்கிற மணமும் ஓடிப்போகும். புளித்து வினிகர் ஆகிவிட்டதை எந்தக் குழாயாலும் மீட்க முடியாது.

உஷார்!

"ஆத்தினா காரம் போயிடும்" என்று எந்தச் சரக்கையும் நம்பிவிடக் கூடாது. காற்று மாற்றுவது வாடையைத்தான். போதை குறையாது. ஒயினில் உள்ள 12, 13 சதவீத ஆல்கஹால் அப்படியே இருக்கும்.

கள்ளச் சாராயத்தில் கலக்கும் மெத்தனாலும் அப்படியே இருக்கும். அதற்கு நிறம் கிடையாது. சாராயத்தோடு இரண்டறக் கலந்துவிடும். மோந்து பார்த்தோ, ருசி பார்த்தோ கண்டுபிடிக்க முடியாது. உடம்புக்குள் போனதும் பார்மிக் அமிலமாக மாறிக் கண் நரம்பைத் தாக்கும்.

2023 மே மாதம் மரக்காணம், மதுராந்தகம் பகுதிகளில் 20 பேருக்கு மேல் பலியானார்கள். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60 உயிருக்கு மேல் போனது. இரண்டுக்கும் காரணம் மெத்தனால்!

குடித்துப் பல மணி நேரம் கழித்துக்கூட வாந்தி, வயிற்று வலி, மூச்சு வாங்கல், கண் மங்கல் வரலாம். "போதை தெளிஞ்சா சரியாயிடும்" என்று படுக்க வைத்துவிடக் கூடாது. உடனே 108-க்கு போன் செய்ய வேண்டும். மாற்று மருந்தும் டயாலிசிசும் நேரத்தோடு கிடைத்தால் உயிரும் பார்வையும் பிழைக்க வழி உண்டு.